வலப்பக்கத்துப் பை

முதல் தையலை அறுப்பதற்கு முன் டொரதி சிலுவை போட்டுக்கொண்டாள். பிளேடு புதியதல்ல. கணவர் சுவக்கின் சவரம் செய்து கழித்ததை, ஒரு பக்கம் துணி சுற்றி எடுத்து வைத்திருந்தாள். சாப்பாட்டு மேசைமேல் கிடந்த கோட்டு அவர் கல்யாணத்தன்று போட்டது. நீலம் என்று சொல்லித்தான் துணி எடுத்தார்கள். கண்டி மழையிலும் வெயிலிலும் மாறி மாறி அடிபட்டு, இப்போது அது நீலமா கறுப்பா பழுப்பா என்று பந்தயம் கட்டலாம். ஆனால் முன்பொரு தரம் கீழ் மடிப்பு விட்டுப்போய்த் தைக்க எடுத்தபோது பார்த்திருந்தாள், வெளிச்சமே படாத உட்புறம் கடையில் எடுத்த அன்றைய நீலமாக இருந்தது. அந்த நீலத்தை நம்பித்தான் இவள் வாயை விட்டிருந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய அக்கா லூர்து வந்திருந்தாள். புசல்லாவையில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்து ஆசிரியை. புருஷனை இழந்த பிறகு சொந்தச் சம்பளத்தில் மகளை வளர்த்து ஆளாக்கியவள், கையில் கடிகாரம் கட்டுகிறவள், தனியாக பஸ் ஏறி வருகிறவள். மகளின் கல்யாணம் கண்டிக் கோயிலில் நடக்கப்போகிறது. அப்பா இல்லாத பெண்ணைக் கைப்பிடித்து பீடம்வரை கூட்டிப்போவதும், சாட்சிக் கையெழுத்துப் போடுவதும் தாய்மாமன் சுவக்கின்தான். அதைப் பேசி முடித்து, தேத்தண்ணியும் குடித்துவிட்டு, லூர்து அலுமாரிக் கதவில் தொங்கிய கோட்டைப் பார்த்தாள்.

"தம்பி, இந்தக் கோட்டோடயா புள்ளயக் கூட்டிக்கிட்டு வருவ? பொண்ணுக்கு மாமனா, பேண்டு வாசிக்க வந்தவனான்னு கேப்பாங்க. நானே என் சம்பளத்துல ஒண்ணு தச்சுத் தர்றேன்."

சுவக்கின் தலையைக் குனிந்துகொண்டார். தேயிலை விலை விழுந்த காலம். அவர் கணக்கெழுதும் சரக்குக் கொட்டிலில் கிளாக்குமாரின் சம்பளத்திலும் கை வைத்திருந்தார்கள். லூர்து டொரதி பக்கம் திரும்பி, மெதுவாகத்தான் சொன்னாள்: "ஒன்னையக் கொற சொல்லல, டொரதி. வீட்லயே கெடக்குறவளுக்கு வெளிய எப்புடி உடுத்துறாங்கன்னு எங்க தெரியப் போகுது?"

அடித்தால்கூட அப்படி உறைத்திருக்காது. "கோட்டு வேணாம் மதினி," என்றாள் டொரதி. "கல்யாணத்தன்னைக்குப் புதுக் கோட்டோடதான் வருவாரு. பாருங்களேன்."

லூர்து பஸ்ஸுக்குப் போன பிறகு சுவக்கின் கேட்டார், புதுக் கோட்டு ஆகாசத்திலிருந்தா விழும் என்று. டொரதி சொன்னாள்: தையல் முழுவதையும் பிரிப்பது, உட்புறத்தை வெளிப்புறமாகத் திருப்புவது, மறுபடி தைப்பது. அவர் அவளையே பார்த்தார்.

"கஞ்சத்தனத்துக்கும் ஒரு எல்ல வேணாமா, டொரதி?"

இத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லை அவர் சொன்னதே இல்லை. அக்கம்பக்கம் சொல்லியிருக்கிறது, காதில் போட்டுக்கொண்டதில்லை. சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு என்று அவருக்காவது தெரியும் என்று நினைத்திருந்தாள். அன்றைக்கு வந்த அழுகையை வெங்காயத்தின்மேல் பழி போட்டுச் சமாளித்தாள்.

உண்மையைச் சொன்னால் டொரதிக்கு அந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை. கண்டி மஹய்யாவயில் ஒழுங்கைச் சந்தின் முடிவில் இரண்டு அறை வீடு. காலையில் அவரும் பிள்ளைகளும் போனபின் அவள் அங்கே ராணிதான். பலாக்காய்க் காலத்தில் கொட்டைகளை மணலில் புதைத்து வைப்பாள், காய் இல்லாத மாதத்தில் கறி வைக்க. வாழைக்காயின் தோல் அவள் வீட்டில் குப்பைக்குப் போனதே கிடையாது, வறுவலாகித் தட்டுக்குத்தான் போகும். குளித்துத் தேய்ந்த சவுக்காரத் துண்டுகளை ஒன்றாக அமுக்கி உருட்டுவாள். மாச்சாக்கைத் தோய்த்துப் பையனுக்கு உள்காற்சட்டை தைத்ததில், மில்காரனின் எழுத்து மட்டும் எத்தனை வெளுப்புக்கும் அசையாமல் அவன் பின்பக்கத்தில் நின்றுகொண்டது. அதற்கு வீடே சிரித்தது. அவள்தான் அதிகம் சிரித்தாள். இல்லாமையால் மட்டும் செய்ததல்ல இதெல்லாம். ஒரு பொருளைக் கடைசிவரை பிரயோசனப்படுத்திவிட்டால் அவளுக்கு வரும் சந்தோஷம், பூசை முடிந்து வெளியே வருகிற சந்தோஷம் மாதிரி. அதை யாரிடம் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள்.

சுவக்கினுக்கென்று அவள் கண்டுபிடித்ததும் ஒன்று உண்டு. அவர் நொட்டாங்கைக்காரர். சோற்றை மட்டும் வலது கையால் சாப்பிடுவார், மற்ற எல்லாவற்றுக்கும் இடது. சின்ன வயதில் அ, ஆ சொல்லிக்கொடுத்த அக்கா லூர்துவே கோடு போடும் அடிமட்டத்தால் அந்தக் கையை அடி அடியென்று அடித்துப் பார்த்தாள், கை கேட்கவில்லை. இடது கையால் எழுதுகிறவருக்கு, எழுதிய மையிலேயே கை இழுபடும். அதனால் பழைய குடைத்துணியில் இடது கைக்கு மட்டும் ஒரு மேலுறை தைத்துக் கொடுத்தாள். சட்டைகள் தப்பின. பேனா விஷயத்துக்கு மட்டும் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கோட்டில் நெஞ்சுப் பை இடப்பக்கம் இருக்கிறது, அதே பக்கத்துக் கை அதற்குள் நுழைய வேண்டுமானால் முழங்கையைத் தூக்கி, கழுத்தைக் கோணி, முதுகு சொறிகிறவர் போல அவர் ஓர் ஆட்டம் ஆடவேண்டும். கொட்டிலில் அதைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை.

கோட்டு வேலை அவள் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. கன்னியர் மடத்துத் தையல் வகுப்பில் சட்டையும் பாவாடையும் தைத்துப் பழகியவள், ஆண்பிள்ளைக் கோட்டைத் தொட்டதில்லை. பிரித்த துண்டுகளைப் பூந்திக்கொட்டை நுரையில் அலசி, நிழலில் உலர்த்தி, ஈரத்துணி போட்டு, சிரட்டைக்கரி இஸ்திரிப்பெட்டியால் அழுத்தினாள். பிறகுதான் பொத்தான் விஷயம் புரிந்தது. துணியைத் திருப்பினால் இடம் வலமாகிறது. பொத்தான் துளைகள் எதிர்ப்பக்கம் போய்விடும், கோட்டு பொம்பளைக் கோட்டாகிவிடும். ஒரு பகல் முழுக்க யோசித்து, பழைய துளைகளை அதே துணியின் நூலை உருவி இழையோடி மூடினாள். மூடிய இடத்தின்மேலேயே பொத்தான்களை வைத்துத் தைத்து, மறுபக்கம் புதுத் துளை போட்டாள். அடுத்த வீட்டு கைரியா வந்து கோட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

"அல்லாஹ்வே, இது தச்ச கோட்டா புள்ள, கடையில வாங்கினதா?"

டொரதிக்கு வாயெல்லாம் பல். சுவக்கின் மட்டும் கோட்டைப் போட்டுப் பார்க்கவே மறுத்தார். "என் அளவுதானே? அன்னைக்கே போட்டுக்கிறேன்," என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

கல்யாணத்தன்று காலை கண்ணாடிக்கு முன் அவர் கோட்டை மாட்டினார். தோளைச் சரி செய்ய எதிரே வந்து நின்ற டொரதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெஞ்சுப் பை வலப்பக்கம் இருந்தது. பொத்தான் துளைகளுக்காக ஒரு பகலைக் கொடுத்தவள், பையை மறந்தே போனாள். துணியோடு துணியாக அது பக்கம் மாறியிருக்கிறது. இவளும் மேசையில் கிடந்தபடியே பையை அதன் பழைய வெட்டில் வைத்து அழகாகத் தைத்திருக்கிறாள். கோட்டு போட்டுப் பழகிய எவன் கண்ணிலும் அது படும். பட்டால், திருப்பித் தைத்த கோட்டு என்று கோயில் முழுக்கத் தெரியும். லூர்துவுக்குத் தெரியும்.

"தப்புப் பண்ணிட்டேங்க," என்றாள். "பை பக்கம் மாறிருச்சு. பழைய கோட்டு வேணும்னாலும் இனிக் கெடையாது. நான்தான் உங்களத் தலகுனிய வைக்கப் போறேன்."

சுவக்கின் கண்ணாடியைப் பார்த்தார். பையைத் தொட்டார். மேசையிலிருந்த பேனாவை எடுத்து அதில் செருகினார்.

"நேரமாச்சு, வா," என்றார். அவ்வளவுதான்.

கோயில்வரை அவர் வேறொன்றும் பேசவில்லை. கோபம் என்றே அவள் நினைத்தாள். மருமகளின் கையைப் பிடித்து அவர் நடுவழியில் நடந்து வந்தபோது கோட்டு நல்ல நீலமாக, மிடுக்காகத்தான் இருந்தது. முன்வரிசையில் லூர்துவின் முகம் முதலில் மலர்ந்தது, பிறகு அவள் பார்வை தம்பியின் நெஞ்சில் போய் நின்றது. டொரதி அதைப் பார்த்தாள். பூசை முழுக்க அவள் சொன்ன செபம் ஒன்றும் மேலே போயிருக்காது, அந்தப் பையிலேயே சிக்கியிருக்கும்.

பூசை முடிந்து, கையெழுத்துப் போட எல்லாரும் பக்கத்து அறைக்குப் போனார்கள். மாப்பிள்ளை போட்டார், பெண் போட்டாள். "சாட்சி வாங்க," என்றார் சாமியார். சுவக்கின் மேசைக்கு முன் வந்தார். அவருடைய இடது கை குறுக்கே போய், வலப்பக்கத்துப் பையில் இறங்கி, பேனாவோடு வெளியே வந்தது. முழங்கை தூக்கவில்லை, கழுத்து கோணவில்லை. அந்த ஆட்டமே இல்லை. குனிந்து, நிதானமாகத் தன் பெயரை எழுதினார்.

லூர்து அருகே வந்து, குரலைத் தாழ்த்தினாள். "தம்பி, பை என்ன அந்தப் பக்கம் இருக்கு?"

டொரதி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"என் கைக்குன்னு தச்சது, அக்கா," என்றார் சுவக்கின். "கடைக்காரனுக்கு என் கை தெரியாதுல்ல."

லூர்து மேசைமேல் இருந்த அந்த இடது கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒரு காலத்தில் அவள் அடித்த கை அது. பிறகு டொரதியிடம் வந்து, அவள் சேலைத் தலைப்பில் ஒட்டியிருந்த நீல நூல் ஒன்றைத் தட்டிவிட்டாள்.

வெளியே வந்தபோது கண்டி மழை தொடங்கியிருந்தது. எல்லாரும் வாசலில் ஒதுங்கி நின்றார்கள். சுவக்கின் கோட்டைக் கழற்றி, நெஞ்சுப் பை நனையாமல் உள்ளே போகும்படி மடித்து, அக்குளில் வைத்துக்கொண்டு குடையை விரித்தார். டொரதியைக் குடைக்குள்ளே அழைத்தார். ஒரே குடைதான். அவர் அதை அவள் தலைக்கும் கோட்டுக்கும் சரியாகப் பிடித்துக்கொண்டு நடந்தார். வெள்ளைச் சட்டை அவருடைய மறு தோளில் நனைந்து ஒட்டிக்கொண்டே வந்தது.