லிஃப்டுக்கு மார்க் போட்டவள்

அக்கா கோடிங் எழுதுவாள், தங்கச்சி அதற்கு மார்க் போடுவாள். ஒரே கம்பெனி, ஒரே மாடி, நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. உடன்பிறந்தவளுக்கு உடன்பிறந்தவளே மார்க் போடுவதா என்று யாரோ கேட்டதற்கு முதலாளி சிரித்தார். "அந்தப் பொண்ணா போடுது? மெஷின் போடுது. இது பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்குது, அவ்வளவுதான்." தங்கச்சிக்குச் சுருக்கென்றது. ஆனால் பொய் என்று சொல்லவும் வாயில்லை.

அந்தத் தரம் பார்க்கிற மெஷினுக்கென்று சில கணக்குகள் உண்டு. கோடிங்கில் ஒரு வேலைக்கென்று எழுதுகிற துண்டுக்கு ஃபங்ஷன் என்று பெயர்; அது எவ்வளவு நீளம், உள்ளே எத்தனை கிளை பிரிகிறது, ஒரே சங்கதி எத்தனை இடத்தில் திரும்ப வருகிறது என்றெல்லாம் எடைபோட்டுக் கடைசியில் ஏ, பி, சி என்று ஓர் எழுத்தைத் துப்பும். எழுத்தோடு படமும் வரும். மொத்தக் கோடிங்கையும் ஓர் ஊராக வரைந்துவிடும். ஒவ்வொரு ஃபங்ஷனும் ஒரு வீடு. நீளம் கூடினால் மாடி ஏறும். நல்லதென்றால் பச்சை, மோசமென்றால் சிவப்பு. தங்கச்சிக்கு அந்த ஊரை வெறித்துக்கொண்டே இருந்தால் பொழுது போவது தெரியாது.

அக்கா எழுதியது ஓர் ஆஸ்பத்திரி லிஃப்டை ஓட்டுகிற கோடிங். முதல் தடவை மெஷின் அதற்குச் சி கொடுத்தது. ஊருக்கு நடுவில் சிவப்பாக ஒரு மாடிக்கட்டிடம், மற்ற வீடுகளுக்கு வெயிலே விடாமல். தங்கச்சி மறுபேச்சில்லாமல் சி என்று கையெழுத்துப் போட்டாள். அன்றோடு அக்காவின் பேச்சு நின்றது. ஒரே வீட்டில் மேல்மாடியும் கீழ்மாடியுமாக இருந்துகொண்டு, "சாவி ஆணியில் இருக்கு" என்று காற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவாள். தங்கச்சிக்கு வேறு யார் இருக்கிறார்கள்? சாப்பாடு இறங்காமல் தவித்துப் போனாள்.

இப்போது அக்கா எல்லாவற்றையும் திருத்திக் கொடுத்திருந்தாள். காலையில் மெஷின் ஏ கொடுத்தது. தங்கச்சி சந்தோஷத்தில் உடனே கையெழுத்துப் போட்டாள். சாயந்திரம் அந்தக் கோடிங்கை ஆஸ்பத்திரி லிஃப்டில் ஏற்றிவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் கண்ணாடித் தடுப்பின் ஓரமாக அக்காவின் தலை எட்டிப் பார்த்தது. "டீ குடிக்க வர்றியா?" அவ்வளவுதான் கேட்டாள். தங்கச்சிக்கு உயிர் வந்தது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவளுக்குக் கண் சொருகியது. வெளியே மழை மூட்டம். ஏசி ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கிரீனில் அக்காவின் புது ஊர், கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. எப்போது தலை மேஜையில் சாய்ந்தது, எப்போது அந்த ஊருக்குள் இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

துடைத்து வைத்த தெரு. எல்லா வீடும் ஒரே உயரம். நடக்கிறாளா மிதக்கிறாளா என்று புரியாமல் போய்க்கொண்டிருந்தாள். ஒரு வீட்டில் நுழைந்தால், "பக்கத்து வீட்டுல கேளுங்க" என்றது ஒரு குரல். பக்கத்து வீட்டில் அதற்கடுத்த வீட்டைச் சொன்னது. குரல் அக்காவுடையது, ஆளைத்தான் காணோம். அந்தச் சிவப்புக் கட்டிடம் இருந்த இடத்தைத் தேடினாள். அங்கேயும் சின்னச் சின்ன வீடுகள்தான், கத்தியால் நறுக்கி அடுக்கியதுபோல. கடைசி வீட்டுக்குள் காலை வைத்ததும் தரை மெல்ல மேலே எழும்பியது. திரும்பிப் பார்த்தாள். வாசல் திறந்தே கிடந்தது. தெரு கீழே போய்க்கொண்டே இருந்தது. மேகம் உள்ளே வந்து முழங்காலை நனைத்தது. பயம் வரவில்லை, அதுதான் வேடிக்கை. பஞ்சில் நிற்கிற சுகம். அந்தச் சுகத்திலேயே திடுக்கிட்டு விழித்தாள்.

கனவைப் போய்ப் பெரிதுபடுத்துவானேன் என்று முகம் கழுவிவிட்டு வந்தாள். மனசு கேட்கவில்லை. எல்லா வீடும் எப்படி ஒரே உயரத்தில் இருக்கும்? மெஷினை மூடினாள். அக்காவின் பழைய கோடிங்கையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தாள். சொன்னால் வெட்கக்கேடு, இந்த வேலைக்கு வந்ததிலிருந்து அவள் மெஷின் தருகிற எழுத்தையும் படத்தையும் பார்த்திருக்கிறாளே தவிர, யாருடைய கோடிங்கையும் உட்கார்ந்து படித்ததில்லை.

பழையது நீளம்தான். ஆனால் அக்கா பேசுவதுபோலவே இருந்தது. எடை சரியா, எந்த மாடி, கதவு மூடியிருக்கா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தது. எல்லாம் கேட்டு முடித்து மோட்டாரை ஓட்டுவதற்குச் சற்று முன்னால், மறுபடியும் கதவு மூடியிருக்கா என்று கேட்டது. நடுவில் யாராவது கையை நீட்டியிருக்கலாமே. வீட்டைப் பூட்டிவிட்டு நாலடி போனவள் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாளே, அது அக்காவேதான்.

புதியதில் அந்த இரண்டாவது கேள்வியைக் காணோம். சொன்னதையே திருப்பிச் சொல்கிறது என்று மெஷின் பழையதில் அதற்கு மஞ்சள் குறி போட்டிருந்தது. மஞ்சள் போட்ட எல்லாவற்றையும் அக்கா ஒரே மூச்சில் துடைத்துவிட்டிருந்தாள்.

சொல்லாமல் விட்டால்? காலையில்தான் அக்கா வாயைத் திறந்திருக்கிறாள். கதவுக்குத் தனியாகப் பூட்டு வைத்திருப்பார்கள், எல்லா லிஃப்டிலும் உண்டு. தங்கச்சி இப்படியெல்லாம் தன்னையே தாஜா பண்ணிப் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள், தண்ணீருக்குள் இருப்பவள்போல, சத்தமே இல்லாமல். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று தங்கச்சிக்கு அழுகை முட்டியது. எழுந்து போனாள்.

"அக்கா, ஏ-யைத் திருப்பி எடுத்துக்கறேன். இதை ஏத்த வேண்டாம்."

அக்காவின் முகம் சுருங்கியது. "இன்னும் என்னடி வேணும் உன் மெஷினுக்கு?"

"மோட்டாரை ஓட்டறதுக்கு முன்னாடி மறுபடி கதவைக் கேட்கற இடம் இல்லைக்கா."

அக்கா ஸ்கிரீன் பக்கம் திரும்பினாள். தேடினாள். மேலும் கீழும் போய்த் தேடினாள். கை அப்படியே நின்றது. "மஞ்சளோட மஞ்சளா போயிடுச்சா," என்றாள் மெல்ல. அக்காவே முதலாளிக்குப் போன் போட்டு, ஏற்றுவதை நிறுத்தச் சொன்னாள். தங்கச்சி பக்கத்தில் நின்றாள். திட்டினாலும் பரவாயில்லை, இனி ஜென்மத்துக்கும் பேசாமல் இருந்துவிடக் கூடாதே என்றிருந்தது.

"பழையதையே போட்டுடு," என்றாள் தங்கச்சி.

"சி வருமே."

"வரட்டும்."

அக்கா அவள் பக்கம் திரும்பினாள். "சி போட்டதுக்கா நான் பேசாம இருந்தேன்னு நினைக்கற? எங்க தப்புன்னு அன்னைக்குக் கேட்டேன். நடுவுல சிவப்பா இருக்குன்னு படத்தைக் காட்டின. எனக்கும் கண்ணு இருக்குடி."

தங்கச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பழைய கோடிங்கை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். புரியாத இடத்தில் கேட்டாள், அக்கா சொன்னாள். மழை வந்து, விட்டும் போனது. பிறகு தங்கச்சி மார்க் போடுகிற பக்கத்தைத் திறந்து சி என்று போட்டாள். அதன் கீழே குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு. யாரும் அதைத் தொட்டதில்லை. அதில் எழுதினாள்: "முழுவதும் படித்தேன். கதவை இரண்டு முறை கேட்பது தேவை. இப்படியே ஓட்டலாம்."

அக்கா அதைத் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். அப்புறம் இன்னொரு தரம் படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சி-யை மாத்திடாதே," என்றாள். "அப்படியே இருக்கட்டும்."