கூறை உடைய எவரும்

அந்தச் சலவைக்கடையில் யாரும் ஒரு துண்டுச்சீட்டுகூட எழுதி ஒட்டத் துணிய மாட்டார்கள். எழுதினால் நாத்தனார் வந்து திருத்திவிடுவாள். "வெள்ளை துணி தனியாக போடவும்" என்று கடைக்காரி ஒருமுறை சுவரில் ஒட்டிவைத்தாள். மறுநாளே சிவப்பு மையில் ஒரு 'த்'தும் ஒரு 'ப்'பும் செருகப்பட்டிருந்தன. வருகிறவர்களெல்லாம் துணியைப் போடாமல் சுவரைப் படித்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

நாத்தனார் என்றால் கடைக்காரியின் கணவனுக்கு அக்கா. முப்பது வருடமாக ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். குடும்பத்தில் அவளுக்கு 'ஒற்றுப்பிழை' என்று பெயர், முதுகுக்குப் பின்னால்தான். முகத்துக்கு நேரே அண்ணி. தம்பியின் கல்யாண அழைப்பிதழை அவள் மூன்று முறை அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பினாள். நான்காம் முறை சரியாக வந்தபோது கல்யாணத்துக்கு நான்கு நாள்தான் மிச்சம் இருந்தது. "போகட்டும் விடு" என்கிற இரண்டு சொல் அவள் வாயிலிருந்து வந்ததாகச் சரித்திரமே இல்லை.

கடைக்காரிக்கு அந்த வருடம் இருந்த கவலையே வேறு. கடையின் உயிர், மூலையில் நின்ற பெரிய உலர்த்தி. இரண்டு மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகள் காலையில் வந்து மாலையில் காய்ந்து, மடிந்து, போய்ச்சேர வேண்டும். வெளியே காயப்போடலாம் என்றால் தெருத் தூசியும் புறாக்களும் சும்மா விடுவதில்லை. அந்த உலர்த்தியோ மின்சாரத்தை யானைத் தீனியாகத் தின்றது. இப்போது பகல் நேர மின்சாரத்துக்கு இரட்டைக் கட்டணம் வரப்போகிறது என்று அறிவிப்பும் வந்துவிட்டது. வந்தால் உலர்த்தியை நிறுத்த வேண்டும். உலர்த்தி நின்றால் மருத்துவமனை வேலை போகும். அந்த வேலை போனால் கடைக்கும் பூட்டுத்தான்.

அரசாங்கம் ஒரு கையால் கட்டணத்தை ஏற்றிக்கொண்டே மறுகையால் வெயிலையும் காட்டியது. சூரிய ஆற்றலுக்கு மாறுகிறவர்களுக்கு நிதி தருகிறார்களாம். கடைக்காரி குஷியாகிவிட்டாள். தனக்கு என்ன வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு கண்காட்சியில் பார்த்து வைத்திருந்தாள். கண்ணாடிபோல ஒளி புகும் தகடு போர்த்திய ஓர் அறை, உள்ளே வரிசையாகக் கயிறு, சூடான காற்றைச் சுற்றிவிடச் சின்ன விசிறிகள், விசிறிகளை ஓட்ட இரண்டே இரண்டு சூரியத் தகடு. தூசி வராது, புறா வராது, மின்சார வாரியத்துக்கும் வேலை இல்லை. உலர்கூடம் என்று பெயர் போட்டிருந்தார்கள். கடைக்குப் பின்னாலிருந்த சிமெண்டு முற்றம் அதற்கென்றே அளந்து கட்டியதுபோல வெறுமனே வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

அலுவலகத்தில் கவுண்ட்டர்காரர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"கூரை சொந்தமா?"

"வாடகைக் கடைங்க. மேல மூணு மாடி இருக்கு. மொட்டைமாடி முழுக்கத் தண்ணித் தொட்டி."

"சொந்தக் கூரை இல்லேன்னா திட்டம் இல்லம்மா."

"கூரை எதுக்குங்க? பின்னாடி முற்றம் இருக்கு. வாடகைப் பத்திரத்துலயே சேர்ந்தது. காலையிலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் வெயில் அடிக்குது."

"வெயில் எல்லாருக்கும்தாம்மா அடிக்குது. புதுக் கொள்கை ஒண்ணு வருது, அதுலயும் இப்படித்தான் இருக்கும். அடுத்தது யாரு?"

அவள் வீடு வந்து சேரும்வரை அந்த ஆளின் வழுக்கையைத் திட்டிக்கொண்டே வந்தாள். முகத்தை அவர் காட்டவே இல்லை. பாவம், திட்டுவதற்கு வேறு எதுவும் அகப்படவில்லை.

அடுத்த வாரம் நாத்தனார் ஒரு கட்டுக் காகிதத்தோடு கடைக்குள் நுழைந்தாள். முகத்தில் அப்படியொரு பிரகாசம்.

"எரிசக்திக் கொள்கையோட வரைவு வெளியாயிருக்கு. நல்லவேளை, எங்க அச்சகத்துல அடிக்கல. நாப்பத்தொரு பிழை! எண்ணிட்டேன். கொள்கை வகுக்கறவங்களுக்கு ஒரு 'க்' வகுக்கத் தெரியல."

இஸ்திரிப் பெட்டியை ஓட்டிக்கொண்டிருந்த கணவன், "இதுக்குத்தான் இவ்வளவு சந்தோஷமாக்கா?" என்றான்.

"இந்தா, ஏழாம் பக்கம். இதைப் பாரு கூத்தை." அவள் சிவப்பு வட்டம் போட்ட வரியைக் கடைக்காரியின் மூக்குக்கு நேரே நீட்டினாள். 'கூறை உடைய எவரும் இந்த நிதிக்கு விண்ணப்பிக்கலாம்.'

"சரியாத்தானே இருக்கு, அண்ணி?"

"என்ன சரி? வீட்டு மேல இருக்கறதுக்குச் சின்ன 'ர' போடணும். இது பெரிய 'ற'. பெரிய 'ற' போட்டா கூறைன்னா துணி. பழைய வார்த்தை. கூறைப்புடவைன்னு சொல்றோமே, அதுல மட்டும்தான் இப்ப ஒட்டிக்கிட்டு இருக்கு."

"ரெண்டும் ஒண்ணாத்தானே காதுல விழுது" என்றான் கணவன்.

"உன் காதுல எதுதான் ஒழுங்கா விழுந்துச்சு?"

கடைக்காரி அந்த வரியை மறுபடி படித்தாள். எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு மெல்லத் திரும்பிக் கடையைப் பார்த்தாள். கூடை கூடையாக விரிப்பு, தலையணை உறை, துவாலை, திரைச்சீலை, யாரோ வாங்கிப்போக மறந்த மூன்று கோட்டு.

"அண்ணி, கூறை உள்ளவங்க யார் வேணா கேக்கலாமா?"

"இதுல போட்டிருக்கறபடி பார்த்தா ஆமா."

"என்கிட்ட கூரைதானே இல்ல? கூறை ஆயிரம் இருக்கே!"

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கணவன் ஒரு விரிப்பைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, "வீட்டுக்காரம்மா, வாடகை கிடையாது, நாங்க சொந்தக் கூறையில இருக்கோம்" என்று ஆடியே காட்டினான். கடைக்காரி மட்டும் சிரிப்பு அடங்கும்போது அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள். விளையாட்டில்லை. அச்சில் இருக்கிறது. அரசாங்கமே அடித்திருக்கிறது.

"சரி, குடு" என்று நாத்தனார் காகிதத்தைத் திரும்ப வாங்கினாள். "வியாழக்கிழமை மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். யார் வேணா பேசலாமாம். மொத்தத்தையும் திருத்திக் கையில குடுத்துட்டு வரேன்."

கடைக்காரியின் முகத்தில் ஈயாடவில்லை. "அண்ணி, நாப்பதைத் திருத்துங்க. இந்த ஒண்ணு மட்டும் இருந்துட்டுப் போகட்டும்."

"பிழையைப் பார்த்துட்டுப் பார்க்காத மாதிரி இருக்கச் சொல்றியா?"

"எங்க பொழப்பைப் பாருங்கன்னு சொல்றேன். வெண்ணெய் திரள்ற நேரத்துல தாழியை உடைக்காதீங்க."

நாத்தனார் காகிதத்தை மடித்தாள். சிவப்புப் பேனாவுக்கு மூடியைப் போட்டாள். வைத்த தேநீரைத் தொடாமலே போய்விட்டாள்.

"எங்கக்கா யாரு தெரியுமில்ல?" என்றான் கணவன். "எமன் ஓலை அனுப்பினாலும், சந்திப்பிழை இருக்குன்னு திருப்பி அனுப்புவா." கடைக்காரி சிரிக்கவில்லை. அன்று ஒரு கூடை வெள்ளைத் துணியில் ஒரு சிவப்புக் காலுறையைச் சேர்த்துப் போட்டு, பன்னிரண்டு தலையணை உறைகளை ரோஜா நிறமாக்கினாள்.

வியாழக்கிழமை கூட்டத்துக்கு இரண்டு பேரும் கடையைச் சாத்திவிட்டுப் போனார்கள். மண்டபத்தில் இருநூறு நாற்காலி. மேடையில் எரிசக்தித் துறையின் அதிகாரி. மூக்குக்கண்ணாடி போட்ட இளம்பெண். வரைவை எழுதியவளே அவள்தான் என்றார்கள். பக்கத்தில் குறிப்பெடுக்கிற ஒருவர். முடிவெட்டுகிறவர் பேசினார், ரொட்டிக்கடைக்காரர் பேசினார். ஒருவர் காற்றாலையைப் பற்றித் தொடங்கித் தன் மாமனாரைப் பற்றி முடித்தார். நாத்தனார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்க்கவே இல்லை.

பிறகு எழுந்தாள். கடைக்காரி கணவனின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"ஏழாம் பக்கத்துல ஒரு பிழை இருக்கு" என்றாள் நாத்தனார்.

அவ்வளவுதான் என்று கடைக்காரிக்குத் தோன்றியது. யானை வாயில் போன கரும்பு. கண்ணில் நீர் முட்டியது. கோபத்தில் முட்டியதா துக்கத்தில் முட்டியதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"எந்தச் சொல்லும்மா?" என்றாள் அதிகாரி, பக்கத்தைப் புரட்டிக்கொண்டே.

"கூரை."

"சரியாத்தானே இருக்கு?"

"கூறைன்னு இருக்கு. கூரைன்னு இல்ல."

மண்டபம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. குறிப்பெடுக்கிறவர் பேனாவைத் தூக்கிப் பிடித்து, "அம்மா, நீங்க ரெண்டு தடவையும் ஒரே வார்த்தையைத்தான் சொல்றீங்க" என்றார்.

"சின்ன 'ர' போட வேண்டிய இடத்துல பெரிய 'ற' போட்டிருக்கு. கூறைன்னா துணி. கொள்கை முழுக்கப் பதினோரு இடத்துல சின்ன 'ர'. இந்த ஒரு இடத்துல மட்டும் பெரிய 'ற'."

அதிகாரியின் முகம் சிவந்துவிட்டது. "நான்தான் தட்டச்சு செஞ்சேன். மன்னிச்சுக்குங்க. திருத்திடறோம்."

"அவசரப்படாதீங்க" என்றாள் நாத்தனார். "முப்பது வருஷமா பிழை திருத்தறேன். பதினொண்ணு ஒரு மாதிரியும் ஒண்ணு வேற மாதிரியும் இருந்தா அந்த ஒண்ணுதான் தப்புன்னு எல்லாரும் நினைப்பாங்க. எப்பவும் அப்படி இல்ல. இதுல அந்தப் பதினொண்ணும்தான் தப்பு."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினாள்.

"சொந்தக் கூரை இருக்கறவங்க கொஞ்சம் கையைத் தூக்குங்க" என்று நாத்தனார் மண்டபத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

இருநூறு பேரில் ஒன்பது கை எழுந்தது. ஒன்று, தப்பாகப் புரிந்துகொண்டு, பாதியில் இறங்கியது.

"உடுத்தத் துணி இருக்கறவங்க?"

மண்டபம் சிரிப்பில் வெடித்தது. இருநூறு கையும் மேலே போயின. குறிப்பெடுக்கிறவரும் தூக்கினார். மேடையில் அதிகாரியும் தூக்கினாள். முதல் கேள்விக்கு அவள் கை எழவில்லை என்பதை நாத்தனார் கவனித்தாள்.

"நீங்களும் வாடகை வீடாம்மா?"

"ஆமாம்மா" என்று அதிகாரி சிரித்தாள். "மூணாவது மாடி."

"அப்புறம் என்ன? உங்க கைக்குத் தெரிஞ்சது உங்க சட்டத்துக்குத் தெரியல. என் தம்பி பொண்டாட்டி சலவைக்கடை நடத்தறா. அவளுக்குக் கூரை கிடையாது. ஆனா ஒரு முற்றம் நிறைய வெயில் இருக்கு, உலர்த்த ஆயிரம் துணி இருக்கு. இந்தப் பிழையை அப்படியே விட்டுடுங்கன்னு கேட்டா. விட்டா என்ன ஆகும்? இன்னிக்கு நான் பார்த்ததை நாளைக்கு வேற ஒருத்தர் பார்ப்பார், பார்த்து அடிச்சுடுவார். ஒளிச்சுவச்ச பிழை என்னிக்கும் நிக்காது. அதான் சபையில சொல்றேன். திருத்துங்க, ஆனா அர்த்தத்தை விட்டுடாதீங்க. கூரை இல்லாம தொழில் செய்யறவங்களும் கேக்கலாம்னு நேராவே எழுதுங்க."

கைதட்டல் முதலில் எழுந்ததா, ரொட்டிக்கடைக்காரர் முதலில் எழுந்தாரா என்று பிற்பாடு பலர் பலவிதமாகச் சொன்னார்கள். கடைக்காரிக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை. நாற்காலி வரிசைகளைத் தாண்டி, இரண்டு பேர் காலை மிதித்து, ஓடிப்போய் நாத்தனாரைக் கட்டிக்கொண்டாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, அண்ணி? மூணு நாளா எனக்குச் சோறு இறங்கல."

"எப்படிச் சொல்றதுன்னு எனக்கே நேத்து ராத்திரி வரைக்கும் தெரியல" என்றாள் நாத்தனார், திணறிக்கொண்டே. "விடு, மூச்சு முட்டுது. பன்னிரண்டு உறையைச் சாயம் ஏத்திட்டியாமே? தம்பி சொன்னான்."

இரண்டு மாதம் கழித்து இறுதிக் கொள்கை வெளியானது. ஏழாம் பக்கத்தில், 'சொந்தக் கூரை உடையோரும், கூரையின்றி வாடகை இடத்தில் தொழில் செய்வோரும் விண்ணப்பிக்கலாம்' என்று இருந்தது. கடைக்காரி முதல் நாளே விண்ணப்பித்தாள். விண்ணப்பத்தை யார் சரிபார்த்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அதே கவுண்ட்டர்காரர் இம்முறை தலையை நிமிர்த்தி, "நீங்கதானா அந்தத் துணிக்காரம்மா?" என்று எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். அவருக்கு நல்ல முகம்தான். திட்டியதற்காக அவள் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

கடிதம் வந்த அன்று கடையில் மூன்று பேரும் இருந்தார்கள். கடைக்காரிக்குப் பிரிக்கத் துணிவில்லை. உறையை நாத்தனாரிடமே கொடுத்தாள். நாத்தனார் பிரித்தாள், பேனாவை வழக்கம்போலக் கையில் எடுத்துக்கொண்டாள், வாசித்தாள். முற்றத்தில் உலர்கூடம் அமைக்கத் தங்கள் விண்ணப்பம் ஏற்று கொள்ளப்பட்டது. பணிகள் வரும் திங்கள்கிழமை தொடங்கும்.

பாதியிலேயே அவள் குரல் உடைந்துவிட்டது. கடிதத்தைக் கடைக்காரியிடம் நீட்டிவிட்டு, மடித்துவைத்த மருத்துவமனைத் துவாலை ஒன்றை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கணவன் அக்கா அழுது பார்த்ததே இல்லை. இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு நின்றதில், யாருடைய சட்டையோ புகைய ஆரம்பித்தது.

கடைக்காரி தானும் ஒருமுறை படித்தாள். சந்தோஷத்தில் எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. இன்னொரு முறை, விரலை வைத்து, எழுத்துக்கூட்டிப் படித்தாள். விரல் ஓரிடத்தில் நின்றது.

"அண்ணி."

"என்ன?"

"ஏற்று கொள்ளப்பட்டதுன்னு போட்டிருக்காங்க. நடுவுல ஒரு 'க்' விட்டுப்போச்சு."

நாத்தனார் கையிலிருந்த சிவப்புப் பேனாவைப் பார்த்தாள். பின்பக்கக் கதவு வழியே, வெயில் நிறைந்து கிடந்த முற்றத்தைப் பார்த்தாள். பேனாவுக்கு மூடியைப் போட்டாள்.

"போகட்டும் விடு" என்றாள்.