தானா ராத்தாவில் பூநாரைகள்

லோரியின் பின்கதவுக்குக் கொக்கி போட வேண்டும் என்பது ரெங்கசாமிக்குத் தெரியாததல்ல. எஸ்டேட் லோரி ஓட்டியே தலை நரைக்கத் தொடங்கியவனுக்கு அதுகூடத் தெரியாவிட்டால் எப்படி? அன்றைக்கு அவன் நினைப்பு கொக்கியில் இல்லை, பவளத்தின் மேல் இருந்தது. மலையூரான தானா ராத்தாவின் பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஓடைத் தண்ணீர் தேங்கிச் சதுப்பாகக் கிடக்கும் வளைவில் லோரியைத் திருப்பினான். மாரியம்மன் கோயில் மதிலுக்குப் பட்டை அடிக்க வாங்கிய காவி மூட்டைகள், ஏதோ குளிக்கப் போகிறவர்கள் மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாகக் குதித்தன. ஊரே கூடி வெற்றிலை போட்டுத் துப்பியது போலச் சதுப்பு சிவந்துவிட்டது.

"சாமி காரியத்துக்கு வாங்குன காவியக் கொட்டிட்டு வந்து நிக்கிறியே, வெக்கமா இல்ல?" என்றார் எஸ்டேட் கணக்குப் பார்க்கும் கிராணி அமிர்தலிங்கம். கோயில் கமிட்டித் தலைவரும் அவரே.

"தண்ணிக்கும் ஒரு பட்டை அடிச்சுப் பார்த்தேங்கய்யா."

கிராணி சிரிக்கவில்லை. விடிந்ததும் வாளியோடு போய் மிச்சத்தை அள்ளி வரச் சொன்னார்.

பவளம் தேயிலை ஃபேக்டரியில் தூள் சலிக்கிறவள். ரெங்கசாமி அவளை வருடக்கணக்காகப் பெண் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்டான் என்றால், அவனுக்குத் தெரிந்த விதத்தில்.

"என்னைக் கட்டிக்கிட்டா லோரியில முன்சீட்டு உனக்குத்தான்லா."

"பார்க்கலாம்."

"என் சமையல ஒத்தையாத் தின்னு அவதிப்படுறேன். பாதிய நீ வாங்கிக்கயேன்."

"பார்க்கலாம்."

இதற்கிடையில் மலைக்குக் கீழே கிள்ளான் பட்டணத்தில் இருந்த அவளுடைய அக்கா, ரேடியோ செய்யும் கம்பெனியில் அவளுக்கு வேலை பேசி வைத்து, திங்கட்கிழமை பஸ்ஸில் வரச் சொல்லியிருந்தாள். போகிறாயா என்று கேட்டால் அதற்கும் "பார்க்கலாம்"தான். ரெங்கசாமி வெளியே சிரித்துக்கொண்டு, உள்ளே திங்கட்கிழமைக்கு நாள் எண்ணினான்.

பவளத்தின் வீட்டுச் சுவரில் ஒரு சீனன் கடைக் காலண்டர் தொங்கியது. வருடம் முடிந்தும் அவள் அதைக் கழற்றவில்லை. படத்தில், ஏதோ ஒரு ஏரி நிறைய ரோஜா நிறத்தில் நெட்டைக்கால் பறவைகள். அவை பூநாரைகள் என்று கிராணிதான் சொன்னார். "இதுங்கள ஒரு தடவ நேர்ல பார்த்துடணும்" என்று பவளம் அடிக்கடி சொல்வாள். அவள் வாயிலிருந்து திட்டமாக வந்த ஒரே ஆசை அது.

மறுநாள் வாளியோடு போன ரெங்கசாமி சதுப்போரம் அப்படியே நின்றுவிட்டான். குளிர் மாதங்களில் வடக்கேயிருந்து வந்திறங்கும் வெள்ளைக் கொக்குகள் காவிச் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தன. சேறு படிந்த அலகால் இறகைக் கோதிக் கோதி, வயிறும் மாரும் ரோஜா நிறமாகிவிட்டன. பனி மூட்டத்தில் கால்கள் இன்னும் நெட்டையாகத் தெரிந்தன. வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு எஸ்டேட்டுக்கு லோரியை விரட்டினான்.

"பவளம்! உன் காலண்டர் பறவை தானா ராத்தாவுக்கே வந்திருச்சு!"

அவளிடம் மட்டும்தான் சொன்னான். ஆனால் ஒட்டி ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளுக்கு நடுவே வெறும் பலகைச் சுவர். ஞாயிற்றுக்கிழமை லோரியில் நிற்க இடமில்லை. கங்காணி பெண்சாதி வடிவம்மாள் ஃபிளாஸ்க்கில் காப்பியோடு ஏறினாள். கிராணியும் மஃப்ளர் சுற்றிக்கொண்டு வந்தார்.

பறவைகளைப் பார்த்ததும் வடிவம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா அனுப்புனதுடி!"

ரெங்கசாமிக்கு வாய் நிற்கவில்லை. "ஆப்பிரிக்காவுலேருந்து நேரா வருதுங்க. வழியில கோலா தெர்லா காய்கறித் தோட்டத்துல இறங்கி, முட்டைக்கோஸ் தின்னு இளைப்பாறிட்டு, அப்புறம் இங்க."

பவளம் பறவைகளைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடி பறவைகளைப் பார்த்தாள்.

அப்போதுதான் மழை பிடித்தது. எல்லாரும் பஸ் நிலையக் கூரைக்கு ஓடினார்கள். பறவைகள் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நனைந்தன. ரோஜா நிறம் வயிற்றிலிருந்து காலுக்கு வடிந்தது, காலிலிருந்து தண்ணீருக்குப் போனது. ஒரு பறவை உடம்பைச் சிலுப்பியது. பளிச்சென்று வெள்ளைக் கொக்கு.

"ஏன்டா ரெங்கசாமி," என்றாள் வடிவம்மாள், "ஆப்பிரிக்காச் சாயம் வெளுக்குதேடா!"

"அடப்பாவி, அது என் காவிடா!" என்று கத்தினார் கிராணி.

பஸ் நிலையமே சிரித்தது. பிரிஞ்சாங் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள்கூட விஷயம் தெரியாமலே சிரித்தார்கள். மழை விட்டதும் எல்லாரும் சிரித்துக்கொண்டே லோரிக்கு நடந்தார்கள். பவளம் மட்டும் சதுப்போரம் போய் நின்றாள்.

ரெங்கசாமி மெல்ல அவள் பக்கம் போனான். ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தான். வந்தது வேறு.

"உனக்குக் காட்டணும்னு ஆசைப்பட்டேன்," என்றான். "அவ்வளவுதான்."

"காலண்டர்ல அலகு வளைஞ்சிருக்கும். இதுக்கு நேரா இருக்கு. லோரிய விட்டு இறங்கினதுமே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏன் சொல்லல?"

"முட்டைக்கோஸ் கதை நல்லாருந்துச்சு."

அவன் செருப்பிலிருந்த செஞ்சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். "நாளைக்கு பஸ் ஏறிடாத பவளம். நீ இல்லாம எனக்கு இந்த மலையில ஒண்ணுமில்ல. என்னைக் கட்டிக்கிறியா?"

பவளம் காத்திருந்தாள். வழக்கமாக அவன் கேள்விக்குப் பின்னாலேயே ஒரு கேலி வந்து எல்லாவற்றையும் கலைத்துவிடும். கொக்குகள் இரண்டு எழும்பிப் பறந்து மறுபடி வந்து இறங்கின. இந்தத் தடவை கேலி வரவில்லை.

"இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் கேட்டிருக்கீங்க," என்றாள்.

"சரி, பதில்?"

"கட்டிக்கிறேன். பஸ்ஸுக்குப் போகல," என்றாள் பவளம். "ஆனா இனிமே அந்த லோரிக் கொக்கிய நான்தான் போடுவேன்."