தளத்தைத் தட்டிப் பார்த்தவள்

கோட்டைக்குப்பத்தில் அந்த வீட்டைப் பார்க்கப் போன அன்று வளர்மதி ஒயர் கூடையில் ஒரு சுத்தியலைப் போட்டு எடுத்துக்கொண்டாள். தாமோதரனுக்கு அது பிடிக்கவில்லை. படகை விட்டு இறங்கும்போதே கேட்டான்:

"வூடு பாக்கப் போறியா, ஒடைக்கப் போறியா?"

"பாக்கத்தான்யா போறேன். தட்டாம எப்டிப் பாக்கறது?"

ஏரிக்கு நடுவில் தீவாகக் கிடக்கும் பசியாவரத்தில் அவர்கள் வீட்டுக்குள் மூன்று வருஷத்தில் இரண்டு தடவை ஏரித் தண்ணீர் ஏறிவிட்டது. மகள் வித்யா பொன்னேரியில் காலேஜ் படிக்கிறாள். காற்று பலமாக அடித்தால் படகு ஓடாது. போன மார்கழியில் அப்படித்தான் ஒரு பரீட்சை போயிற்று. புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு துறையில் நின்று அழுத பெண்ணைப் பார்த்த அன்றே, அக்கரையில் ஒரு வீடு வாங்கியே தீருவது என்று வளர்மதி முடிவு செய்துவிட்டாள். தாமோதரன் இறால் பிடித்ததும், அவள் பதினெட்டு வருஷம் மீஞ்சூர் பக்கம் கட்டட வேலையில் சித்தாளாகக் கலவை சுமந்ததும் சேர்ந்த பணம். அதை ஏமாந்து தொலைக்க அவளுக்கு மனசில்லை.

புரோக்கர் முரளி வீட்டைத் திறந்துவிட்டுக் கையை விரித்துக் காட்டினான். "பாத்துக்கோக்கா. ஹால் ஃபுல்லா ஃபால்ஸ் சீலிங். உள்ளயே லைட்டு. மெட்ராஸ்ல கூட இப்டி வூடு கெடைக்காது."

தாமோதரன் வாய் பிளந்து மேலே பார்த்தான். வளர்மதியும் பார்த்தாள்.

"இங்க யாருப்பா குடியிருந்தாங்க?"

"ரெண்டு வருஷமா பூட்டித்தான் கெடக்குது. ஓனரு தருமலிங்கம் திருவொத்தியூர்ல கீறாரு."

"ஆளே இல்லாத வூட்டுக்கு ஃபால்ஸ் சீலிங் எதுக்கு?"

முரளி சிரித்து மழுப்பினான். அவள் அறை அறையாக நடந்தாள். சுவரில் இடுப்பு உயரம் வரைக்கும் மட்டும் பெயின்ட் புதுசாக இருந்தது. சுத்தியலின் பிடியால் தட்டினாள். மேலே 'டக்'கென்று கெட்டியாகக் கேட்டது. கீழே 'தொப்'பென்று உள்ளே காற்று இருப்பதுபோல. குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினாள். தண்ணீர் சாக்கடைக் குழாய்ப் பக்கம் போகாமல் வாசல் பக்கம் ஓடிவந்து முரளியின் செருப்பை நனைத்தது. படுக்கையறைக் கதவைச் சாத்தப் பார்த்தாள். அது பாதியிலேயே நின்றுகொண்டது.

"மழைக்கு மரம் ஊதியிருக்கும்க்கா."

"சித்திரை வெயில்ல எந்த மரம்பா ஊதுது? செவுரு எறங்கியிருக்குது, அதான் நெலை கோணிப்போச்சு. ஒரு ஏணி வேணும்."

முரளியின் முகம் மாறியது. "ஏணியெல்லாம் வேணாம். மேல ஏறிப் பாக்கணும்னா மொதல்ல அட்வான்ஸ் போடு. கடைத்தெரு இஸ்மாயில் பாய் நாளைக்கே குடுக்கறேன்னு நிக்கிறாரு. சித்தாள் வேல பாத்தவளுக்கு இஞ்சினியர் வேல எதுக்கு?"

அவளுக்குச் சுருக்கென்றது. எத்தனையோ இஞ்சினியர்களை அவள் பார்த்தவள். அதில் ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கட்டடத்தில்தான் சன்ஷேடு பெயர்ந்து, கூட வேலை செய்த மாலதியின் பாதத்தில் விழுந்தது. உப்பு மணலில் போட்ட காங்கிரீட், உள்ளே கம்பி துருவேறிப் போயிருந்தது. மாலதி அதற்குப் பிறகு வேலைக்கு வரவே இல்லை.

"சித்தாள்தான். அதான் கேக்கறேன், ஏணி."

அவன் அசையவில்லை. வளர்மதி பக்கத்து வீட்டு ஜெயம்மாவிடம் போய்க் கேட்டாள். அந்தம்மா ஏணியை எடுத்துக் கொடுத்துவிட்டு, வாசலிலேயே நின்று வேடிக்கை பார்த்தாள்.

சீலிங்கில் ஒரு சதுர மூடி இருந்தது. அதைத் தள்ளிவிட்டுத் தலையை உள்ளே விட்டு, செல்போன் வெளிச்சத்தை அடித்தாள். நிஜமான தளம் அங்கே இருந்தது. பூச்சு முழுக்க உதிர்ந்து கம்பிகள் வெளியே தொங்கின. துரு ஏறி, வெங்காயத் தோல் மாதிரி ஏடு ஏடாக உரிந்திருந்தன. நடு பீமில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விரல் நுழைகிற விரிசல். படம் எடுத்துக்கொண்டு, சுத்தியலால் ஒரே ஒரு தட்டுத் தட்டினாள், பலமாகக்கூட இல்லை. தோசைக்கல் அகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்து, ஃபால்ஸ் சீலிங்கைப் பொத்துக்கொண்டு, ஹால் நடுவில் தொம்மென்று விழுந்தது.

முரளி துள்ளி வாசலுக்கு ஓடினான். தாமோதரன் ஓடிவந்து ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"இன்னாக்கா இப்டிப் பண்ணிட்ட!"

"நா பண்ணலப்பா. கட்டனவன் பண்ணது."

அவள் இறங்கியதும் முரளி குரலைத் தாழ்த்தினான். "உனுக்கு வேணாம்னா வுடு. வெளிய வாயத் தொறக்காத. பாய் வாங்கிக்கினு போவட்டும். அவரு உனுக்கு இன்னா மாமனா மச்சானா?"

வளர்மதி நேரே பழவேற்காட்டுக் கடைத்தெருவுக்கு, இஸ்மாயில் பாய் வீட்டைத் தேடி நடந்தாள். வழி நெடுக தாமோதரன் புலம்பினான்: "இந்தக் கரைலதான் வாழப்போறோம். வரும்போதே எல்லாரையும் பகைச்சிக்கணுமா?"

"அவரு வூட்லயும் புள்ளைங்க படுத்துத் தூங்கும்ல?"

அவன் நடையை எட்டிப் போட்டு அவளோடு சேர்ந்துகொண்டான்.

முகம்மது இஸ்மாயில் படங்களைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் மனைவி பரக்கத் பீவி போனை வாங்கி விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "யா அல்லா, அந்த ஹால்லதானே பேரப்புள்ளைங்களுக்குத் தொட்டில் கட்டலாம்னு சொன்னீங்க?" என்றாள். வளர்மதி கையைப் பிடித்து உட்காரவைத்து, டீ கொடுத்துத்தான் அனுப்பினாள்.

நாலாம் நாள் தருமலிங்கம் காரில் வந்து படகுத்துறையில் இறங்கினார். மீன் ஏலத்துக்கு நின்றிருந்த கூட்டத்துக்கு நடுவே கத்தினார்: "எவ அவ, என் வூட்டுத் தளத்த ஒடச்சவ?"

"நாதான்," என்று வளர்மதி முன்னால் வந்தாள்.

"வந்த வெலையக் கெடுத்துட்டியே! போலீஸ்ல குடுத்துருவேன், தெரியுமா?"

"கூப்புடுங்க. அவங்கள உள்ள கூட்டிக்கினு போயி அந்தத் தளத்துக்கு அடியில நிக்க வைங்க. நீங்களும் கூட நில்லுங்க, பத்தே நிமிஷம். நா மாடில ஏறி உலக்கையால குத்தறேன். அதுக்கப்புறமும் தளம் நின்னுச்சுனா, நீங்க சொல்ற வெலைக்கே வாங்கிக்கறேன்."

கூட்டத்தில் யாரோ பகபகவென்று சிரித்தார்கள். தருமலிங்கம் தாமோதரன் பக்கம் திரும்பினார். "பொம்பளைய பேசவுட்டு நிக்கிறியே, நீயெல்லாம் ஆம்பளையா?"

தாமோதரன் மீன் கூடையைக் கீழே வைத்தான். "வூட்டப் பத்தினா அவளத்தான் கேக்கணும். மீனப் பத்தினா என்னக் கேளு."

வளர்மதி அவனைத் திரும்பிப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் நாலு பேர் முன்னால் அவன் அப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. பிறகு தருமலிங்கத்திடம் சொன்னாள்: "மண்ணுக்கு வெல சொல்லுங்க, வாங்கிக்கறேன். மேல கீறது குப்ப. அத வாரிக் கொட்றது என் பாடு."

அவர் காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போய்விட்டார்.

அந்த வீட்டைப் பார்க்க அதற்குப் பிறகும் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் முதலில் ஏணி கேட்டார்கள். ஆடி முடிவதற்குள் முரளி தானே படகேறிப் பசியாவரம் வந்து, "மனை வெலைக்கே முடிச்சிக்கலாம்னு சொல்லிட்டாருக்கா" என்றான். அவளும் தண்ணீர் கொடுத்து உபசரித்து அனுப்பினாள்.

பத்திரம் முடிந்து இடிக்க ஆரம்பித்த அன்று, ஒரே காலை வேளையில் பழைய தளம் தரைக்கு வந்தது. புது அஸ்திவாரத்துக்கு முதல் லோடு மணல் வந்த அன்று, கொட்டுவதற்கு முன்னால் வளர்மதி லாரி மேல் ஏறி ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். காறித் துப்பினாள்.

"உப்பு. திருப்பு வண்டிய."

"யக்கா, இந்தப் பக்கம் எல்லாருக்கும் இதான் அடிச்சேன். ஒருத்தரும் வாயில போட்டுப் பாத்ததில்ல."

"இப்ப ஒருத்தி பாத்துட்டா. திருப்பு."

டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் திருப்பினான்.