புனல் வைத்த அம்பாசடர்

நிபந்தனை ஒன்றுதான். தாம்பரம் ரயிலடியில் ரகுபதியை ஏற்றிக்கொண்டு, காலை எட்டரைக்குள் கம்பெனி கேட்டுக்குள் கார் நுழைய வேண்டும். ஆறு நாள். ஆறும் சரியாக அமைந்தால் கோதண்டத்துக்கு ஒரு வருஷ கான்ட்ராக்ட். ஒரு நாள் தவறினாலும் அது படப்பை மேட்டடோர் வேன்காரருக்குப் போய்விடும்.

அது தொண்ணூற்றொன்று நவம்பர். கம்பெனி ஒரகடத்துக்குச் சற்று முன்னால் வயல்களுக்கு நடுவே தனியாக நின்றது. ரப்பர் வாஷர் செய்தார்கள். ரகுபதி அங்கே பர்ச்சேஸ் ஆபீசர்.

"நான் சொல்றது செல்லாது கோதண்டம். கேட் ரிஜிஸ்டர்ல இருக்கறதுதான்" என்றார். "அதுல வண்டி நம்பரைத்தான் எழுதுவாங்க. என் பேரை இல்ல."

கோதண்டத்தின் அம்பாசடருக்கு இருபத்திரண்டு வயது. மேட்டில் மூச்சு வாங்கியது. படப்பை மெக்கானிக் மண்ணாங்கட்டி, கோதண்டத்தோடு ஐந்தாவது வரை படித்தவன், பானெட்டைத் திறந்து பார்த்தான்.

"காத்து பத்தல மச்சான். இன்னா பண்ணும் பாவம், மூக்கைப் பொத்திகினு ஓடுது."

கார்புரேட்டர் மேல் சட்டிபோல் உட்கார்ந்திருந்த ஏர் ஃபில்டரைக் கழற்றினான். அந்த இடத்தில் ரப்பர் ஹோஸ் ஒன்றை மாட்டி, ரேடியேட்டர் ஓரமாகக் கீழே இறக்கி, பம்பருக்குப் பின்னால் கட்டினான்.

"வாய் அகலமா எதுனா வெச்சா காத்து அள்ளிகினு போவும்."

கோதண்டம் வீட்டுக்குப் போய் மண்ணெண்ணெய்ப் புனலை எடுத்து வந்தான். யாரிடமும் சொல்லவில்லை.

அன்று மாலை அவன் மனைவி அம்சவல்லி ஸ்டவ் முன்னால் உட்கார்ந்து சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"புனலைப் பாத்தியாய்யா?"

"எந்தப் புனலு?"

"நம்ப வூட்ல எத்தினி புனல் கீது?"

கோதண்டம் இன்னொரு தடவை முகம் கழுவப் போனான்.

வண்டி இழுத்தது. இழுத்ததாகவே அவன் நம்பினான். திங்கட்கிழமை எட்டு பதினொன்றுக்கு கேட்டைத் தாண்டினார்கள். ரகுபதி இறங்கிக் காரை ஒருமுறை சுற்றி வந்தார்.

"முன்னாடி என்ன புனல்?"

"அது காத்துக்கு சார்."

"மழை வந்தா?"

"மழைக்கு வேற ஏற்பாடு கீது சார்."

டிக்கியைத் திறந்து காட்டினான். பம்ப்செட் ஹோஸ் ஒரு துண்டும், கிணற்றுத் தாம்புக்கயிறும் இருந்தன. கோதண்டம் பதினோரு வருஷம் லாரி ஓட்டியவன். வண்டிக்குள் தண்ணீர் ஏறினால் சைலன்ஸர் வழியாகத்தான் ஏறும் என்பது லாரிக்காரர்கள் எல்லோரும் அறிந்தது. சைலன்ஸர் வாயில் ஹோஸை மாட்டி, மறுமுனையைக் கூரைமேல் கேரியரில் கட்டிவிட்டால், ஏரியில்கூட இறங்கலாம்.

"பின்பக்கத்தைக் காப்பாத்திட்டா போதும் சார்."

ரகுபதி தலையாட்டினார். அவருக்கு வாஷர் பற்றித்தான் தெரியும்.

செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. எட்டு இருபதைக்கூட ஒரு நாளும் தொடவில்லை.

வெள்ளி இரவு பெய்ய ஆரம்பித்த மழை சனிக்கிழமை விடியும்போது நின்றது. ஏரிகள் நிற்கவில்லை. படப்பை தாண்டி, கம்பெனிக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால், தரைப்பாலத்தின்மேல் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. மணி ஏழு ஐம்பது.

கோதண்டம் சந்தோஷமாக இறங்கினான். ஹோஸை மாட்டினான். கேரியரில் தாம்புக்கயிற்றால் ஏழு சுற்றுச் சுற்றினான். கூரைக்கு மேல் சைலன்ஸர் புகை விட்டது.

"இப்ப பாருங்க சார்."

ஃபர்ஸ்ட் கியர். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தான். அதுவும் லாரிக்காரர்கள் அறிந்ததுதான். பாதிப் பாலம் வந்தது. கடக் என்று ஒரு சத்தம். பிறகு தண்ணீர் ஓடுவது மட்டும் கேட்டது.

செல்ஃப் ஒரு முறை முனகியது. அடுத்த முறை அதுவும் இல்லை. கோதண்டம் தண்ணீரில் இறங்கிப் பின்னால் ஓடினான். ஹோஸ் கட்டியபடியே இருந்தது. ஒரு சொட்டுக்கூடப் போயிருக்க வழியில்லை.

ரகுபதி கண்ணாடியை இறக்கினார்.

"கோதண்டம், அந்தப் புனல் இப்ப எங்க இருக்கு?"

கோதண்டம் முன்னால் வந்தான். பம்பர் தெரியவில்லை. தண்ணீருக்குள் கைவிட்டுத் துழாவினான். புனல் இருந்த இடத்திலேயே இருந்தது.

"குடிச்சிடுச்சு சார்" என்றான்.

ரகுபதி ஷூவைக் கழற்றிக் காருக்குள் வைத்தார். பேண்ட்டை மடக்கிவிட்டு இறங்கினார். இருவரும் தள்ளினார்கள். பின்னால் ஒரு மாட்டுவண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து, அவர்களைத் தாண்டி, கரையேறி நின்றது. வண்டியில் புல்லுக்கட்டு. அதன்மேல் பாப்பம்மாள், தலையில் யூரியா சாக்கை மழைக்கு மடித்துக் கொங்காணி போட்டிருந்தாள்.

"யோவ் கோதண்டம், காருக்கு ஏன்யா மேல புகைபோக்கி? உள்ள இட்லி வேவுதா?"

"நீ போக்கா, நேரமாவுது."

"எனக்கு ஒண்ணும் ஆவல."

அவள் போகவில்லை.

கரையில் வைத்து ஹேண்டிலைப் போட்டுச் சுற்றிப் பார்த்தான். அசையவில்லை. நாலு பிளக்கையும் கழற்றினான். ரகுபதி எட்டிப் பார்த்தார்.

"தள்ளி நில்லுங்க சார்."

அவர் தள்ளி நிற்பதற்குள் ஹேண்டில் சுற்றிவிட்டது. பிளக் ஓட்டைகளிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. சட்டை மார்பிலிருந்து வயிறு வரை நனைந்தது. பாப்பம்மாள் சிரித்த சிரிப்பில் மாடுகள் திரும்பிப் பார்த்தன.

பிளக்கைத் துடைத்து மாட்டினான். ஐந்தாவது சுற்றில் எஞ்சின் பிடித்தது. டொக் டொக் என்று இரும்பில் இரும்பு மோதியது. கோதண்டம் உடனே சாவியைத் திருகி நிறுத்தினான்.

"பிஸ்டன் ராடு வளைஞ்சிடுச்சு சார். காத்து இருக்கவேண்டிய எடத்துல தண்ணி. தண்ணி நசுங்காது, ராடுதான் வளையும். இதுக்கு மேல ஓட்டினா இஞ்சினே ரெண்டாப் பூடும்."

மணி எட்டு மூன்று. ரகுபதி கம்பெனி இருந்த திசையைப் பார்த்தார்.

"நான் நடந்தா பத்து நிமிஷம்."

"நீங்க பூடுவீங்க சார். ரிஜிஸ்டர்ல வண்டியைத்தான எழுதறாங்க."

ரகுபதி ஈரச் சட்டையைப் பிழிந்தார். பிறகு மாடுகளைப் பார்த்தார். கோதண்டமும் பார்த்தான்.

"இன்னா ரெண்டு பேரும் என் மாட்டையே பாக்கறீங்க?"

"யக்கா, கேட்டு வரைக்கும் இழுத்து வுடேன்."

பாப்பம்மாள் யோசித்தாள். அவள் வயல் கம்பெனிச் சுவரை ஒட்டியது.

"கேட்டு வரைக்கும் இல்ல, கேட்டுக்குள்ள. ரெண்டு வருசமா செவத்துக்கு அந்தாண்ட டமால் டமால்னு ஒரு சத்தம். இன்னான்னு கேட்டா வாட்ச்மேன் வெரட்டறான். அதை நான் கண்ணால பாக்கணும்."

"விசிட்டர் பாஸ் நான் எழுதித் தர்றேன்" என்றார் ரகுபதி. "ஆனா மாட்டுக்கு பாஸ் கிடையாது."

"மாடு இல்லாம காரு வராது சார்."

"வாங்க" என்றார்.

மாட்டுவண்டியை நுகத்தடியிலிருந்து அவிழ்த்து ஓரத்தில் விட்டார்கள். தாம்புக்கயிறு கேரியரிலிருந்து பம்பருக்கு வந்தது. மறுமுனையை நுகத்தடியில் கட்டினாள். கோதண்டம் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். ரகுபதி பின்னாலிருந்து தள்ளினார். கட்டு அவிழ்ந்த ஹோஸ் தரையில் இழுபட்டு வந்தது.

மாடுகள் தம் நடையில்தான் நடந்தன. ஒன்று நடுவில் நின்று சாணி போட்டது. அது முடிக்கும்வரை மூவரும் காத்திருந்தார்கள். ரகுபதி இரண்டு தடவை வாட்ச்சைப் பார்த்தார்.

கேட்டில் வாட்ச்மேன் நாகப்பன் நின்றிருந்தான். ரிஜிஸ்டர் கையில் இருந்தது. முன் சக்கரங்கள் கேட்டைத் தாண்டியபோது கடிகாரம் எட்டு இருபத்தெட்டு காட்டியது. பின் சக்கரங்கள் தாண்டியபோதும் அதுவே.

நாகப்பன் பேனாவைத் திறந்துவிட்டு நின்றான்.

"எப்படி சார் எழுதறது? இஞ்சின் ஓடலயே."

ரகுபதிக்கு மூச்சு வாங்கியது. கணுக்கால் வரை சேறு. ஒரு ஷூ காருக்குள் கவிழ்ந்திருந்தது.

"ரிஜிஸ்டர்ல இஞ்சினுக்குக் கட்டம் இருக்கா?"

"இல்ல சார்."

"வண்டி நம்பருக்கு?"

"கீது சார்."

"எழுதுங்க."

நாகப்பன் எழுதினான். குறிப்பு என்ற கட்டத்தில், அவனாகவே, மாடு இரண்டு என்று சேர்த்தான்.

பாப்பம்மாள் பிரஸ் ஷாப்புக்குள் போய் அந்த மெஷின் முன்னால் நின்றாள். டமால் என்று இறங்கியது. ஆப்பரேட்டர் ஒரு வாஷரை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத்தினிக்கூண்டு வளையத்துக்கா இம்மாஞ் சத்தம்?"

வெளியே வந்து மாடுகளிடமும் அதைக் காட்டினாள்.

மத்தியானம் கான்ட்ராக்ட் கடிதத்தை டைப் அடித்துக் கொடுத்தார்கள். டிசம்பர் ஒன்றிலிருந்து. எட்டு நாள் இருந்தது.

ஞாயிறு காலை மண்ணாங்கட்டி எஞ்சினைப் பிரித்தான். மூன்றாவது ராடு மடக்கிய முழங்கைபோல் இருந்தது. அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"காத்து நல்லாத்தான் போய்க்கீது மச்சான். போன வழியிலேயே தண்ணியும் போனா நான் இன்னா பண்றது? பழைய ராடு ஒண்ணு என்னாண்ட கீது. வெள்ளிக்கிழமை ஓடும்."

அம்சவல்லி சாப்பாட்டோடு வந்தாள். தூக்கை வைத்துவிட்டுக் கடிதத்தை வாங்கிச் சத்தமாகப் படித்தாள். கடைசி வரி மற்ற வரிகளைவிடக் கறுப்பாக இருந்தது. வண்டி தன் சொந்த எஞ்சினில் ஓடி வர வேண்டும்.

"இது எதுக்குய்யா எழுதிக்கீறாங்க?"

கோதண்டம் தூக்கின் மூடியைத் திறந்தான். அவள் காரைப் பார்த்தாள். பம்பரைப் பார்த்தாள். குனிந்தாள்.

"எந்தப் புனலுன்னு கேட்டியே. இந்தப் புனலு."

"அண்ணி, அது காத்துக்கு" என்றான் மண்ணாங்கட்டி.

"காத்துக்கு ரேஷன் கார்டு கீதா?"

கம்பியை முறுக்கி அவிழ்த்துப் புனலைப் பிடுங்கினாள். ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தாள். ஊதிப் பார்த்தாள். முந்தானையில் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சாப்புடுங்க, ஆறிப்பூடும்."

அவள் போன பிறகு மண்ணாங்கட்டி ஷெட் மூலைக்குப் போனான். அந்தப் பழைய ஏர் ஃபில்டர் சட்டியில் நட்டும் போல்ட்டும் போட்டு வைத்திருந்தான். எல்லாவற்றையும் தரையில் கொட்டிவிட்டு, சட்டியைத் துடைக்க ஆரம்பித்தான்.