சகலன் வீட்டு வைபை

என் மனுசன் ஸலாஹுதீனுக்கு ஹறாம் என்றால் நெருப்பு. எல்லாருக்கும்தான் பயம். ஆனால் மற்றவர்கள் பன்றிக்கும் வட்டிக்கும் பயந்தால், இவர் வின்டோஸுக்கும் சேர்த்துப் பயப்படுவார். கடைகளில் பூட்டை உடைத்துப் போட்டுக் கொடுக்கிற வின்டோஸ் களவுச் சாமானாம். அதில் வினாத்தாள் அடித்துப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தால் சம்பளத்தில் பரக்கத் இருக்காதாம். அதனால் எங்கள் வீட்டுக் கம்பியூட்டரில் லினக்ஸ். "உலகத்துக்கே சும்மா குடுத்திருக்காங்க, இதவிட ஹலால் என்ன இருக்கு?" என்பார். கல்முனையில் இதை வைத்திருக்கிற இன்னொரு வீட்டை எனக்குத் தெரியாது.

எனக்கும் தங்கச்சி ஸம்றாவுக்கும் வாப்பா ஒரே வளவைப் பிரித்து இரண்டு வீடு கட்டித் தந்தார். எங்கள் பக்கத்தில் வீடு பொம்பிளைப் பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளைமார் வந்து சேர்கிறவர்கள். ஆகவே மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் இவருக்குச் சகலன். பெயர் மர்சூக். பஸாரில் கம்பியூட்டர் கடை வைத்திருக்கிறார். அவருடைய பிழைப்பில் பாதி அந்தப் பூட்டுடைத்த வின்டோஸ்தான்.

இரண்டு வருசத்துக்கு முன் ஸம்றாவின் மகனுடைய சுன்னத்துச் சாப்பாட்டில் சகலன்மார் இருவரும் ஒரே சஹன் தட்டைச் சுற்றி இருந்து சாப்பிட்டார்கள். "அந்தப் பழைய சாமான விடுங்க காக்கா, நான் சும்மாவே வின்டோஸ் போட்டுத் தாறன்" என்று மர்சூக் தன் அண்ணனிடம் போல அன்பாகத்தான் சொன்னார். இவர் சோற்றைப் பிசைந்தபடியே, "களவெடுத்தத சும்மா தந்தாலும் களவுதான் மர்சூக்" என்றார். பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. மர்சூக் கையைக் கழுவிக்கொண்டு எழும்பிப் போனார். அன்று நின்ற பேச்சு நின்றதுதான்.

வருகிற வியாழன் என் மகள் அப்னாவுக்கு நிக்காஹ். அவளுக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை இல்லை. எனக்கும் ஸம்றாவுக்கும்கூட ஆண் சகோதரம் இல்லை. ஸம்றாவின் மகன் சின்னப் பிள்ளை. மாப்பிள்ளை வந்து இறங்கினால் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வருவதற்கு எங்கள் பக்கத்தில் மிச்சமிருக்கிற ஒரே ஆள் அவளுடைய சாச்சா மர்சூக். அவர் பக்கத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தால் ஒலுவிலிலிருந்து வருகிற சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? எனக்குச் சோறு இறங்கவில்லை. ஸம்றா தன் மனுசனிடம் கேட்டுப் பார்த்தாள். "காக்கா வந்து கேக்கட்டும்" என்றாராம். இவரிடம் சொன்னால், "நான் சொன்னது சரிதானே. சரியான கதைக்கு என்ன மன்னிப்பு?" என்கிறார். வரிப்பத்தான்சேனையில் கணக்குப் படிப்பிக்கிறவர் அல்லவா, விடை சரியென்றால் அவருக்கு அதோடு கணக்கு முடிந்தது.

ஆண்கள்தான் கோபம். மதிலில் இருக்கிற சின்னக் கடப்பால் எங்கள் இருவருக்கும் இடையில் கறி ஆணமும் போய் வந்தது, கதையும் போய் வந்தது. போன மாரியிலிருந்து இன்டர்நெட்டும் வந்தது. அந்த மழையில் தென்னோலை விழுந்து எங்கள் வீட்டு வயர் அறுந்துவிட்டது. அறிவித்தோம், ஒருவரும் வரவில்லை. அப்னாவுக்கு கெம்பஸ் பாடம் கெட்டுப் போகிறதென்று ஸம்றா தங்கள் வைபையின் பாஸ்வேர்டைச் சொன்னாள். அப்னா அதைக் கம்பியூட்டரில் போட்டாள். இவர் பள்ளிக்கூடம் விட்டு வந்து, "நெட் வந்திட்டா?" என்றார். "வந்திட்டு" என்றேன். எங்கிருந்து என்று அவர் கேட்கவில்லை. பில் மாதா மாதம் வந்தது, அவரும் ஒழுங்காகக் கட்டினார். கட்டுவதால்தான் வருகிறதென்று நினைத்துக்கொண்டார்.

இந்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் லீவு. காலையிலேயே இவர் கம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். வைத்திருந்த லினக்ஸுக்கு வயசு போய்விட்டதாம். இனிப் பாதுகாப்புக் கிடைக்காது, புதிய பதிப்புக்கு மாறுங்கள் என்று அது நாளும் பொழுதும் சொல்லிக்கொண்டிருந்தது. கலியாண வேலை தொடங்க முன் இதை முடித்துவிட வேண்டுமென்று நின்றார். "இருக்கிறது வேலை செய்யுதுதானே, ஏன் கிண்டுறீங்க?" என்று கேட்டேன். "ஓட்டைக் கதவோட ஊட்ட வெச்சிருப்பியா?" என்றார்.

வினாத்தாள்களையெல்லாம் பென்டிரைவ் ஒன்றில் எடுத்து வைத்தார். தொழப் போகிறவர் போலக் கை கால் கழுவி வுழூச் செய்துவிட்டு வந்தார். பிஸ்மில்லாஹ் சொல்லிப் பொத்தானை அமத்தினார். எனக்குப் பித்தப்பை ஒப்பரேசன் நடந்த அன்றுகூட மனுசன் இவ்வளவு பக்குவமாக இருக்கவில்லை. திரையில் வாயில் நுழையாத பெயர்கள் வரிசையாக ஓடின. கீழே ஒரு கோடு மெல்ல மெல்ல நீண்டது. எல்லாவற்றையும் இறக்கி முடித்த பிறகுதான் பழசைக் கழற்றிப் புதுசைப் பூட்டுமாம். பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது ஒரு சந்தோசம், பார்த்த எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது.

பாதி தாண்டியதும் கோடு நின்றுவிட்டது. அதே நேரம் மதிலுக்கு அப்பால் மர்சூக்கின் குரல்: "ஸம்றா, டேட்டா முடிஞ்சிட்டு புள்ள! மாசம் முடியல்லயே இன்னும்!"

எனக்கு விளங்கிவிட்டது. இவருக்கு அந்தக் குரலும் இந்தக் கோடும் ஒன்றென்று தெரியாது. "வயரிலதான் என்னவோ" என்று வெளியே போனார். தடுக்க ஒரு சாட்டும் வாயில் வரவில்லை. சுவரிலிருந்து வயரைப் பிடித்துக்கொண்டே போனவர் முருங்கை மரத்தடியில் நின்றார். அறுந்த நுனி கொப்பில் சிக்கித் தொங்கியது. உள்ளே இருந்த கம்பி கறுத்துப் போயிருந்தது.

"ஹாஜறா, இஞ்ச வா. இது எப்ப அறுந்த?"

"மாரியில."

"அப்ப இவ்வளவு நாளும் நெட் எங்கால வந்த?"

நான் மதிலைப் பார்த்தேன். அது போதுமாயிருந்தது.

மனுசன் மரத்தடியிலேயே குந்திவிட்டார். ஏசுவார் என்றுதான் நின்றேன். ஏசியிருந்தால் நானும் திருப்பிக் கொடுத்திருப்பேன், விசயம் அதோடு முடிந்திருக்கும். அவர் மெதுவாக, "சுபஹ் தொழுதிட்டு நான் குர்ஆன் ஓதல் கேக்கிறதும் அதிலதானே?" என்றார். ஓம் என்றேன். கண் கலங்கியிருந்தது. எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

"ஸம்றாதானே தந்த? கூடப்பிறந்தவள்ற சாமான் களவாகுமா?" என்றேன்.

"கட்டுற ஆள் மர்சூக். மர்சூக் தரல்லயே."

அல்லாஹ்வுக்குச் செய்த குறையை அல்லாஹ்விடம் அழுது தீர்க்கலாம். மனிசருக்குச் சேர வேண்டிய ஹக்கை மனிசரிடம்தான் போய்த் தீர்க்க வேண்டும். எடுத்தவர் நேரில் போய் "ஹலாலாக்கித் தாங்க" என்று கேட்க வேண்டும், உடையவர் "ஹலாலாக்கிட்டன்" என்று வாயால் சொல்ல வேண்டும். இடையில் ஆள் அனுப்பியெல்லாம் சரிவராது. "இத வெச்சிக்கிட்டு ஜும்ஆவுக்குப் போகேலா" என்று சொல்லி, சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு கடப்பை நோக்கி நடந்தார். இரண்டு வருசமாக அவர் கால் வைக்காத கடப்பு. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன்.

மர்சூக் விறாந்தையில் போனும் கையுமாக இருந்தார். ஸம்றா கதவடியில் வந்து, எங்களைக் கண்டதும் அப்படியே நின்றாள்.

"மர்சூக், மாரியில இருந்து உங்கட நெட்டக் களவெடுத்திருக்கன். தெரியாமத்தான். தெரியாம எடுத்தாலும் எடுத்ததுதான். எனக்கு ஹலாலாக்கித் தாங்க" என்றார் இவர்.

மர்சூக் தலையை நிமிர்த்தவில்லை. "ஏலா காக்கா."

வியாழக்கிழமை கைவிட்டுப் போய்விட்டது என்றே நினைத்தேன்.

"களவெடுத்தாத்தானே ஹலாலாக்கலாம்" என்றார் மர்சூக். "எனக்கு மொத நாளே தெரியும். ரவுட்டரில ஆர் ஆர் நிக்கிறாங்க எண்டு பாத்தா, ஸலாஹுதீன் டெஸ்க்டொப் எண்டு பேரையும் போட்டுக்கிட்டு நிக்கிது உங்கட லினக்ஸ். ஒரு தட்டில வெட்டியிருக்கலாம். வெட்டல்ல. நான் தெரிஞ்சு விட்டது எப்பிடிக் களவாகும்?"

நானும் ஸம்றாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பூனை கண்ணை மூடிக்கொண்டு உலகம் இருண்டுவிட்டது என்று நினைக்குமாம். மதிலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக நாங்கள் இரண்டு பூனைகள்.

"கள்ளன் எண்டு சொன்ன ஆளுக்கா நீங்க..." என்றார் இவர்.

"அண்டைக்குச் சொன்னது நொந்ததுதான் காக்கா. இண்டைக்கும் நோகுது. அதுக்காக அப்னாட படிப்ப வெட்டலாமா?"

இவர் ஒரு அடி முன்னால் வைத்தார். "சொன்ன கதைய நான் மாத்தேலா மர்சூக். அது களவுதான். இண்டைக்குக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவன்."

நான் பல்லைக் கடித்தேன். இந்த மனுசனை என்னதான் செய்கிறது!

"ஆனா அதச் சபையில சொன்னது பிழை. உங்கட ஊட்டுச் சோத்தத் திண்டுக்கிட்டு, உங்கட சனத்துக்கு முன்னால சொன்னது பெரிய பிழை. தனியக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும். அதுக்கு ஹலாலாக்குங்க."

மர்சூக் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "சபையில சொன்னதுக்குச் சபையிலதான் கேக்கணும் காக்கா."

"கேக்கன்" என்றார் இவர் உடனே. "வியாழக்கிழம எங்கட வாசலில சபை கூடும். மாப்பிள்ளைக்கு முன்னால, சம்பந்திமாருக்கு முன்னால கேக்கன். ஆனா நீங்க அங்க நிண்டாத்தானே நான் கேக்கலாம்."

மர்சூக் போனை எடுத்து எதையோ அமத்தினார், மறுபடியும் அமத்தினார். கொஞ்சத்தில் எங்கள் வீட்டுக்குள் இருந்து அப்னா சத்தம் போட்டாள்: "வாப்பா! திரும்ப ஓடுது!"

"பேக்கேஜ் போட்டிருக்கன். போய்க் கிட்ட இருங்க. இடையில கேள்வி கேக்கும், அவசரப்பட்டு அமத்தாதீங்க" என்றார் மர்சூக். இவர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தார்.

நானும் திரும்பப் போனேன். "மச்சி" என்று என்னைக் கூப்பிட்டார் மர்சூக். "மாப்பிள்ள எத்தன மணிக்கு எறங்குவாரு?"

"அசர் தொழுத கையோட, தம்பி" என்றேன். என் அழுகையில் அவருக்கு அது கேட்கவில்லை. ஸம்றாதான் திரும்பச் சொன்னாள்.