ஆர்லோ பெக்ஸ்ட்ரம் நீந்திய இருபத்தைந்து கெஜம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்று ஜூன் ஏழாம் தேதி, திங்கட்கிழமை நண்பகலில், எல்க் பிராங்க் ஊரின் பொது நீச்சல்குளத்துத் தண்ணீர் ஆர்லோ பெக்ஸ்ட்ரமை விட்டு நாலடி ஒதுங்கியது. அப்போது அங்கே இருந்தவர்கள்: உயர நாற்காலியில், மூக்கில் வெள்ளைக் களிம்போடு, பயிற்சியாளர் மார்லிஸ் ட்வெட். ஆழம் குறைந்த பக்கத்தில், இடுப்பளவு தண்ணீரில், பூப்போட்ட ரப்பர் தொப்பியோடு பெர்னி கொவால்கே, அவருக்குப் பின்னால் வகுப்புக்கு வந்த மற்றவர்கள். தின்பண்டச் சன்னலுக்குப் பின்னால் ஸ்டூலில், குளத்தின் பொறுப்பாளர் ஹார்லன் ஸ்டோல்ட்ஸ். விளிம்பு நெடுகக் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு முப்பத்தொரு குழந்தைகள். மணிக்கொரு தரம் விசில் ஊதிக் குழந்தைகளைக் கரையேற்றிவிட்டு, கால்மணி நேரம் பெரியவர்களை மட்டும் குளத்தில் விடுவது அந்த ஊர் வழக்கம். அந்தக் கால்மணியில்தான் நீச்சல் தெரியாத பெரியவர்களுக்கு வகுப்பு.

ஆர்லோ ஏணியில் ஒரு படி இறங்கினார், தண்ணீர் ஒரு படி பின்வாங்கியது. அடியில் கால் வைத்தபோது காய்ந்த தரையில் நின்றார். சுற்றிலும் தண்ணீர் சுவர் மாதிரி நின்றது. ஒதுங்கிய தண்ணீர் மறுபக்கம் வழிந்து ஒரு மூட்டைச் சோளப்பொரியை நனைத்துவிட்டுப் போனது.

"என்ன ஆர்லோ, காலையில வெங்காயம் உரிச்சியா? தண்ணி பயந்து ஓடுதே," என்றார் பெர்னி.

"குளிச்சிட்டுதான் வந்தேன், பெர்னி."

வீட்டுக் குளியல் தொட்டியில் அவருக்குத் தகராறு எதுவும் இருந்ததில்லை. மார்லிஸ் தன் நோட்டில் ஆர்லோ பெயருக்கு நேராக 'வந்தார், நனையவில்லை' என்று எழுதிக்கொண்டு, "நாளைக்கும் வாங்க. முதல் நாள் எல்லாருக்கும் ஏதாவது ஒரு சிக்கல் இருக்கும்," என்றார்.

ஆர்லோவுக்கு வராமல் இருக்க வழியில்லை. இருபத்திரண்டு வருஷம் நெடுஞ்சாலை உணவகத்தில் முட்டையும் உருளைக்கிழங்கும் பொரித்தவர். பனி உருகும் சமயத்தில் உணவகத்தை மூடிவிட்டார்கள். ஐம்பத்தெட்டு வயதில் அவருக்குக் கிடைத்த ஒரே வேலை, லூன் தீவிலிருந்த சிறுமியர் முகாமில் சமையல். தீவுக்குப் படகில்தான் போகவேண்டும். இருபத்தைந்து கெஜம் நீந்தியதாகப் பயிற்சியாளர் கையெழுத்திட்ட கடிதம் இல்லாமல் யாரும் அந்தப் படகில் ஏற முடியாது. கடிதம் ஜூன் மாதம் முடிவதற்குள் போய்ச் சேரவேண்டும். இல்லாவிட்டால் மகள் வீட்டின் நிலவறையில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டில் அவருக்காகக் காத்திருந்தது.

மூன்று வாரம் வகுப்பு நடந்தது. மற்றவர்கள் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக் குமிழி விட்டார்கள். ஆர்லோ காய்ந்த தரையில் குனிந்து நின்று வெறும் காற்றில் ஊதினார். மற்றவர்கள் விளிம்பைப் பிடித்துக் காலை அடித்தார்கள். அவரும் அடித்தார், முட்டி தேய்ந்தது. இதற்கிடையில் குளத்தின் அடியில் கிடந்த தலை ஊசிகள், ஒரு கல்யாண மோதிரம், தேவாலயப் பாடகர் ஒருவரின் பொய்ப்பல் எல்லாம் அவர் கைக்கு வந்தன. உரியவர்களிடம் கொடுத்தார். மோதிரத்துக்குரியவர் மட்டும் அது தன்னுடையது இல்லை என்று சாதித்துவிட்டார்.

"தண்ணியோட மல்லுக்கட்டாதீங்க, அதுமேல படுங்க," என்பார் மார்லிஸ். "வயிறு மேல வரணும், காது நனையணும்."

"காதுதான் நனைய மாட்டேங்குதே."

"நனைஞ்சதா வெச்சுக்கங்க."

குளத்தில் யாரும் தனியாக இறங்கக்கூடாது, எல்லோருக்கும் ஒரு ஜோடி உண்டு. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை விசில் ஊதினால் ஜோடிகள் கைகோத்துத் தூக்கிக் காட்டவேண்டும், மார்லிஸ் எண்ணுவார். ஆர்லோவின் ஜோடி பெர்னி. தண்ணீர்ச் சுவருக்குள்ளிருந்து அவர் கையை முழங்கை வரை நீட்டுவார், ஆர்லோ பிடித்துக்கொள்வார். எண்ணிக்கை ஒருநாளும் தப்பவில்லை.

ஜூன் இருபத்தைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை தேர்வு. ஆழம் குறைந்த பக்கத்தில் தொடங்கினால் நடந்துவிட்டு நீந்தினேன் என்பார்கள் என்பதால், தேர்வை ஆழப்பக்கத்தில்தான் தொடங்கவேண்டும். நடுவில் தரையையும் தொடக்கூடாது, சுவரையும் தொடக்கூடாது. ஆர்லோ விளிம்பைப் பிடித்துத் தொங்கினார். தண்ணீர் வழக்கம்போல அடிவரை ஒதுங்கியது. பன்னிரண்டடி கீழே நீலச் சாயம் பூசிய சிமென்ட் தெரிந்தது. வகுப்பில் மற்ற எல்லோருக்கும் பயம் தண்ணீர் மேல். ஆர்லோவுக்கு மட்டும் அது இல்லாததன் மேல்.

மார்லிஸ் நாற்காலியிலிருந்து இறங்கி வந்தார். "வேண்டாம் ஆர்லோ. இடுப்பு உடைஞ்சா முகாமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"நீந்தாம கடிதம் எழுதிக் குடுப்பீங்களா?"

மார்லிஸ் கொஞ்சம் யோசித்தார். "மாட்டேன்."

"ஏம்ப்பா," என்றார் பெர்னி, தண்ணீருக்குள்ளிருந்து. "நான் பக்கத்துலயேதான் வர்றேன். நீ பாட்டுக்கு விழுந்துட்டா, விசிலுக்கு நான் யார் கையைத் தூக்குறது?"

ஆர்லோ மூச்சை இழுத்தார். காது நனைந்ததாக வைத்துக்கொண்டார். வயிற்றை மேலே தள்ளி, மல்லாந்து, விரல்களை ஒவ்வொன்றாக விளிம்பிலிருந்து எடுத்தார். விழவில்லை. தண்ணீர் இருந்திருந்தால் எந்த மட்டத்தில் இருந்திருக்குமோ அந்த மட்டத்தில், ஒன்றுமில்லாததன்மேல் கிடந்தார். பிறகு காலை அடித்தார், கையைச் சுழற்றினார், நகர்ந்தார். தண்ணீர் முன்னால் விலகிப் பின்னால் மூடியது. பாதி தூரத்தில் பத்து நிமிஷம் ஆகிவிட, மார்லிஸ் பழக்கதோஷத்தில் விசிலை ஊதிவிட்டார். ஊதிய பிறகுதான் கையால் வாயைப் பொத்தினார். பெர்னியின் கை தண்ணீர்ச் சுவரிலிருந்து வந்தது, ஆர்லோ பிடித்தார், இருவரும் தூக்கிக் காட்டினார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தது. கையை விட்டுவிட்டு மறுபடி நீந்தினார். எதிர்ச் சுவரைத் தலையால் முட்டினார். குழந்தைகள் உடனே பெரியவர்களின் கால்மணி முடிந்ததா என்று கேட்டார்கள்.

"நீச்சல்னா நனையணும்ல?" என்றார் ஹார்லன், சன்னலிலிருந்து.

மார்லிஸ் விதிப் புத்தகத்தை இரண்டு தரம் படித்தார். தரை இருந்தது, சுவர் இருந்தது, கெஜம் இருந்தது. நனைவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உடைமாற்றும் அறை வாசலில் இருந்த மேசையில் உட்கார்ந்து பேனாவை எடுத்தார். ஆர்லோ பின்னால் நின்று, தோளுக்கு மேலே பார்த்தார். 'ஆர்லோ பெக்ஸ்ட்ரம் இன்று என் முன்னிலையில் இருபத்தைந்து கெஜம் நீந்தினார். நடுவில் தரையையோ சுவரையோ தொடவில்லை. அவரைச் சுற்றித் தண்ணீர் நாலடி ஒதுங்கும். ஏரியில் எப்படியென்று எங்களுக்குத் தெரியாது. படகிலிருந்து விழுந்தால், குழி தெரியும் இடத்தில் பார்க்கவும்.' சாட்சியாகப் பெர்னி கையெழுத்துப் போட்டார், ஈரக் கையால் அது கொஞ்சம் கலங்கியது.

"குழியைப் பத்தி எழுதத்தான் வேணுமா?" என்றார் ஆர்லோ.

"உள்ளதைத்தான் எழுத முடியும். நீந்துனதும் உள்ளதுதானே."

மார்லிஸ் உறையின் ஓரத்தை நாக்கால் தடவி ஒட்டி, முஷ்டியால் ஒரு குத்துக் குத்தி, தபால்தலையை நேராக ஒட்டினார். நாலு மணித் தபால் வண்டி வாசலில் வந்து நின்றபோது, அவரே நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.